பெரட்டு இல்லாத பலகை

பாடாங் செராய். விடிய இன்னும் நேரம் இருக்கிறது.
எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இன்றைக்கும் பெரட்டு உண்டு.
விசில் ஊதினால் எழுபது பேர் வரிசை.
வேலை இருக்கிறதோ இல்லையோ
பேர் சொன்னால் கை தூக்க வேண்டும்.

குலிமில் இரவெல்லாம் நான் சோதிக்கும் சில்லுகளுக்கும்
அதே பழக்கம்தான்.
ஒரே கடிகாரம், நொடிக்கு இருநூறு கோடி விசில்.
ஒவ்வொன்றுக்கும் எழுந்து,
சும்மா நின்று,
சூடாகி உட்கார்கின்றன.
அந்தச் சூட்டை ஆற்ற ஒரு மாடி முழுக்க விசிறி.

ஆ லெங்கின் கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில்,
பிஸ்கட் டின் மூடியில் இருக்கிறது என் பலகை.
கழித்துப்போட்ட தொகுப்பிலிருந்து
மனு எழுதி, மூன்று கையெழுத்து வாங்கிக்
கொண்டுவந்த நாற்பத்தெட்டு சில்லுகள்.
ஒவ்வொன்றிலும் ஆயிரம் நரம்பணு,
எல்லாம் கணக்கில் மட்டும்.

இவற்றுக்குக் கடிகாரம் கிடையாது.
பக்கத்து அணு தட்டினால் கொஞ்சம் நிறையும்.
தட்டாவிட்டால் கசியும்.
விளிம்பு தாண்டினால் ஒரு துடிப்பு.
பிறகு சற்று நேரம்
யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது,
இரவு வேலை முடித்து வரும் என்னைப் போல.

பதினாறு மரங்களில் ஒலிவாங்கி அடித்தவர் ரஃபிகுல்.
மரத்துக்கு ஐந்து வெள்ளி.
'இது என்ன கேட்கும், தவமலர் ஆப்பா?'
கூன்வண்டின் புழு
தண்டுக்குள் மெல்லும் சத்தம் என்றேன்.
அவர் காதை மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
என்னை மரியாதையாகச் சந்தேகித்தார்.

முதல் இரவு மழை.
நாற்பத்தெட்டும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.
நான் எதையும் அடக்கவில்லை.
ஒரே தட்டு ஓயாமல் வந்தால்
அந்த இணைப்பு தானாகச் சோர்ந்துபோகும்.
நாலாவது மழைக்கு ஓர் ஒளிப்பொட்டுகூட எரியவில்லை.

ஒன்பதாம் இரவு, மூன்று பத்து.
முப்பத்தொன்று விழித்தது.
ஏழாம் வரிசை, கடைசி மரம்.
காலையில் ரஃபிகுல் பாறாங்கால் மட்டையைப் பிளந்தார்.
வாலை விட்டுவிட்டு ஓடியது
ஒரு பல்லி.

துரை ஹஃபிஸ் என்னைப் பார்த்தார்.
நான் பலகையைக் குறை சொல்லவில்லை.
டிக் டிக்கென்றால் என்ன அர்த்தம் என்பதில்
எங்கள் ஆட்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை.
கிழக்கே சொன்னால் காசு,
தெற்கே சொன்னால் வேறு.
வீட்டுக்கு வந்து பல்லியைப் பதிந்து
இருநூறு முறை போட்டுக் காட்டினேன்.

அப்புறம் எறும்பு.
மூடியில் ஒட்டியிருந்த சர்க்கரைக்கு வந்தவை
மூன்று சில்லுகளைச் சாகடித்தன.
தொழிற்சாலையில் ஓர் ஊசிமுனை கருகினாலும்
தட்டு முழுக்கக் குப்பைக்குப் போகும்.
நான் விளக்கைப் போட்டுப் பிழை தேடிக்கொண்டிருக்கையில்
மீதி நாற்பத்தைந்தும்
என்னைக் கேட்காமல் வேலையைத் தொடர்ந்தன.
இரண்டாம் வரிசை, நாலாம் மரம்.

புழு கட்டைவிரல் பருமன்,
வெளிச்சத்தில் கூசி நெளிந்தது.
ரஃபிகுல் அதைப் பால் டின்னில் போட்டு
இரண்டு கையாலும் நீட்டினார்.

துரை கேட்டார்:
'இது புழு என்று எங்கே எழுதி வைத்திருக்கிறாய்?'
தனியாக ஓரிடத்தில் இல்லை, துரை.
கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே.
செத்துப்போன மூன்றிலும்
கொஞ்சம் இருந்தது.

இப்போது தூக்கம் வராத பகல்.
பலகை தின்பது
சாமி படத்துச் சின்ன பல்பு தின்பதைவிடக் குறைவு.
மேசையில் சோதனைக்கு ஓர் ஒலிவாங்கி
கேட்டபடி கிடக்கிறது.

சுவரில் பல்லி சொன்னது.
பலகை அசையவில்லை. கற்றுக்கொண்டுவிட்டது.
நான்தான், வாய்க்குள் கிருஷ்ணா என்று
விரல் மடக்கி மேசையைத் தட்டினேன்,
மூன்று முறை.

முப்பத்தொன்று விழித்தது,
மூன்று முறை.